ஆளுக்குப் பாதி

பிப்ரவரி 4

பூசணிக்கு,

பிரஷர் மாத்திரைப் பொட்டலம் இதோடு இருக்கிறது. பிரித்ததும் முதலில் கடிதத்தைப் படி. போன தடவை கடிதத்தை டப்பாவோடு சேர்த்து வீசிவிட்டு, பிறகு குப்பைக்கூடைக்குள் கையை விட்டுத் துழாவினேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கூத்து இன்னொரு தடவை வேண்டாம். போனில் பேசலாம் என்றால் உன் காதில் பாதிதான் விழுகிறது. நான் "சாப்பிட்டியா" என்று கேட்டால் நீ "நான் எங்கே கூப்பிட்டேன்" என்கிறாய். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அந்தப் பஞ்சிங் மெஷினைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்?

வழக்கம்போல எல்லா மாத்திரை அட்டையையும் நடுவில் வெட்டிவிட்டேன். பாதி எனக்கு, பாதி உனக்கு. மருந்துக்கடையில் என்னோடு புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் வேடிக்கை பார்த்துக்கொண்டே, "ஏன்க்கா, முழு அட்டையாவே ஆளுக்கு ரெண்டா எடுத்துக்கலாமே" என்றாள். எங்கள் அம்மா பள்ளிக்கூட ரப்பரையே பிளேடால் அறுத்து ஆளுக்குப் பாதி கொடுத்தவள், எங்களுக்கு எதையும் முழுசாக வைத்துக்கொண்டு பழக்கமில்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

என் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தது உனக்கும் கேட்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரே ரத்தம், ஒரே கொதிப்பு. இருந்தாலும் நீயாக ஒரு டாக்டரிடம் போய்க் காட்டு என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. குழந்தை குழந்தை என்று அந்த நாளில் டாக்டர்கள் உன்னைப் படுத்திய பாட்டுக்கு, நீ ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டேன் என்றதில் தப்பில்லை. ஆனால் கொதிப்பு ஏறி அம்மா அடுப்படியில் விழுந்ததை நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.

மாதவிலக்கு நின்றுவிட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் இந்த வயதில்தான் நின்றது. தொல்லை விட்டது என்று இரு. வேறு எதையும் கேட்க மாட்டேன். நீ கேட்காதே என்று சொன்னதை நான் கேட்பதில்லை, அது உனக்கே தெரியும்.

அக்கா

•

பிப்ரவரி 17

அக்கா,

வந்தது. கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். போதுமா?

எனக்கு ஒரு புதுச் சீக்கு வந்திருக்கிறது. சிரிக்கக் கூடாது. மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அது என் வயிற்றுக்குள் ஓடுகிறது. அட்டையைக் குத்தும்போது தரை அதிரும் அல்லவா, அந்த அதிர்வு கால் வழியாக ஏறி வயிற்றில் குடியேறிவிட்டது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில்கூடச் சும்மா இருப்பதில்லை. படுத்தால் அதிகம். பக்கத்து மெஷின்காரி வாய்வு என்கிறாள். அவரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற புத்தி எங்கே போகும்? "கொஞ்சம் கிரீஸ் போட்டா சரியாயிடும்" என்கிறார்.

தொப்பை வேறு ஏறிக்கொண்டே போகிறது. ஏப்ரன் கயிறு பின்னால் எட்டவில்லை. நீ வைத்த பேருக்கு இப்போதுதான் நியாயம் செய்கிறேன்.

மாத்திரை தவறாமல் போடுகிறேன். காலையில் டீக்கு முன்னால். நீ சொன்னபடியேதான், தாயே.

பூசணி

•

மார்ச் 10

பூசணிக்கு,

வயிற்றுக்குள் மெஷின் ஓடுகிறது என்று நீ எழுதியதைக் கடையில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலை மறந்துவிட்டார். நாற்பதைத் தாண்டினால் பெண்களுக்கு வயிறு தனிக்குடித்தனம் போய்விடும். நாம் சொல்வதைக் கேட்காது. எனக்கும் கொஞ்ச காலம் கடமுடா என்று இருந்தது. வாய்வுக்குப் பொடி வைத்திருக்கிறேன், சாப்பிட்ட பிறகு வெந்நீரில் கலக்கிக் குடி. ராத்திரியில் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதே.

மாத்திரையும் இருக்கிறது, வழக்கம்போலப் பாதி.

கால் வீங்குகிறதா என்று பார். நின்றுகொண்டே செய்கிற வேலை. வீங்கினால் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்.

அக்கா

•

ஏப்ரல் 2

அக்கா,

உட்கார்ந்து படி.

போன வாரம் மெஷின் பக்கத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அட்டைக்கட்டு மேலேயே சாய்ந்துவிட்டேன். செக்‌ஷன் மேஸ்திரி பயந்துபோய், நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, சரக்கு வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "எத்தனை மாசம்?" என்றார். எனக்குக் காது மந்தம், எத்தனை வருஷமாக வேலை என்று கேட்கிறார் என்று நினைத்து, "பதினைஞ்சு வருஷமா அதே கம்பெனிதாங்க" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஏழாவது மாதமாம்.

ஆமாம், எனக்குத்தான். வாய்ப்பே இல்லை என்று பெரிய பெரிய டாக்டர்கள் கையை விரித்த எனக்கு. மெஷினும் இல்லை, வாய்வும் இல்லை. என் வீட்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார், பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குழந்தையைச் சுற்றித் தண்ணீரே இல்லை என்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீ வெட்டிய துண்டில் பேர் பாதிதான் இருந்தது. இன்னொரு துண்டைத் தேடிக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தார். படித்ததும் முகம் மாறிவிட்டது.

"யார் குடுத்தா இதை?"

"எங்க அக்கா. மருந்துக்கடையில இருக்கா."

"மருந்துக்கடையிலயா? கர்ப்பமா இருக்கியான்னு அவங்க கேக்கலையா?"

இந்த மாத்திரையில் குழந்தையின் சிறுநீரகம் கெட்டுப்போகுமாம். அது சிறுநீர் கழித்தால்தான் சுற்றித் தண்ணீர் சேருமாம். தண்ணீர் இல்லாவிட்டால் நுரையீரல் வளராதாம். ஒன்றைப் பிடித்து ஒன்று, சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

உன் கடைக்கு வந்திருந்தபோது நானே பார்த்திருக்கிறேன் அக்கா. முன்பின் தெரியாத பெண்ணைக்கூட, அவள் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை என்று, "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் சில மாத்திரைகளைத் தருவாய். ஊரையெல்லாம் கேட்ட கேள்வியை என்னை மட்டும் ஏன் கேட்கவில்லை?

•

ஏப்ரல் 7

பூசணி,

உன் கடிதத்தைக் கவுண்டரில் நின்றபடியே பிரித்தேன். உட்கார்ந்து படி என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தெரியும். அந்த மாத்திரை கர்ப்பிணிக்கு ஆகாது என்பது எனக்கு என் விரல் மாதிரித் தெரியும். உன் மாதவிலக்கு நின்றது தெரியும். வயிறு பெருத்தது தெரியும். வயிற்றுக்குள் என்னவோ ஓடுகிறது என்று நீயே எழுதினாய். வேறு யாராவது கவுண்டரில் வந்து இதில் பாதியைச் சொல்லியிருந்தால் மாத்திரையை உள்ளே வைத்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருப்பேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வாய்வுப் பொடி அனுப்பினேன்.

என் டாக்டரிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். மாத்திரையை நிறுத்தினால் சிலருக்குத் தண்ணீர் திரும்ப ஊறும், இல்லாமலில்லை என்றார். உன் டாக்டரம்மா மாற்றிக் கொடுத்த மாத்திரையை மட்டும் போடு. அதையும் கோபத்தில் நிறுத்திவிடாதே. கொதிப்பு ஏறினால் உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

நான் புறப்பட்டு வரட்டுமா? ஒரு மூலையில் இருக்கிறேன். பாத்திரம் தேய்க்கிறேன், துணி துவைக்கிறேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அக்கா

•

ஏப்ரல் 15

வராதே.

அலமாரியில் இருந்த உன் பாதி அட்டைகளை எல்லாம் அவர் ஒன்று விடாமல் பொறுக்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். "உங்க அக்கா இந்தப் படி ஏறக் கூடாது" என்றார். நானும் சரி என்றேன். அவர் சொன்னதற்காக இல்லை, எனக்கும் அதுதான் தோன்றியது.

நேற்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். தண்ணீர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். டாக்டரம்மா, "ரொம்ப ஆசைப்பட்டுடாதீங்க" என்றார். ஆசைப்படாமல் இருக்க எங்கே போய்ப் படித்துவிட்டு வருவது? அவர் அன்று சாயந்திரமே சின்ன அறையில் கிடந்த பழைய லிஃப்ட் சாமான்களை எல்லாம் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பாப்பாவுக்காக வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

இப்போது படுத்தேதான் இருக்கிறேன். அது அசையும்போதெல்லாம் கையை வைத்துக்கொள்கிறேன். இத்தனை மாதம் அதோடு ஒரு வார்த்தை பேசியதில்லை அக்கா. பொடி கலக்கிக் குடித்து அதை அடக்கப் பார்த்தேன்.

இனிமேல் பார்சல் அனுப்பாதே.

•

மே 9

பூசணி,

நான் போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "பிரஷர் எகிறிடுச்சு, அறுத்து எடுத்துட்டாங்க, பொண்ணு" என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் திரும்பவும் அழைத்தார். மூச்சு மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

ஆறுதல் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஒரே ஒன்று கேட்கிறேன், அதற்காவது பதில் போடு. பிரஷர் இறங்கியதா? மாத்திரை போடுகிறாயா? என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது, கடைசியில் 'போடுகிறேன்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடு.

கவுண்டர் வேலையை விட்டுவிட்டேன். உள்ளே சரக்கு அடுக்குகிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். பெட்டிகள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, நானும் அவற்றைக் கேட்க வேண்டியதில்லை.

அக்கா

•

மே 30

அக்கா,

திட்டுவதற்கு எழுதவில்லை. ஒன்று கேட்க வேண்டும்.

தையலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். குழந்தைகள் பிரிவு நர்ஸ் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "உங்களை மாதிரியே ஒருத்தங்க வந்தாங்களே, கொஞ்சம் வயசானவங்க, அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். நீ வந்தாயா?

நான் என் பெண்ணைப் பார்க்கவில்லை அக்கா. உயிரோடு பார்க்கவில்லை. அறுத்தபோது எனக்கு நினைவில்லை. பிறகும் கொதிப்பு இறங்காமல், மூக்கில் வாயில் குழாயோடு வேறு ஒரு மாடியில் கிடந்தேன். கண் தெளிந்து, "எங்கே" என்று கேட்டபோது, துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவ்வளவு சின்ன முகம். தூங்குகிற மாதிரி இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். தூங்குகிற குழந்தையை எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டில் எத்தனை பார்த்திருக்கிறேன். அது அப்படி இல்லை.

அவரைக் கேட்டால், "எல்லாக் குழந்தையும் மாதிரிதான் இருந்தா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறார். சுரண்டிய சுவரை அப்படியே விட்டுவிட்டார்.

நீ பார்த்திருந்தால் எழுது. கண்ணைத் திறந்தாளா? அழுதாளா? கையைக் காலை ஆட்டினாளா? என்னைத் தேற்றுவதற்காக எதையும் சேர்க்காதே. பார்த்ததை மட்டும் எழுது.

•

ஜூன் 5

பூசணி,

வந்தேன். வராதே என்று நீ எழுதியிருந்தும் வந்தேன். முதல் போன் வந்த அன்றே பஸ் ஏறிவிட்டேன்.

உன்னைப் பார்க்க விடவில்லை. குழந்தைகள் பிரிவுக்குப் போனேன். வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் உன் வீட்டுக்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டடி தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார். அவ்வளவுதான். அதற்கு நான் அவருக்கு எந்தக் காலத்திலும் கைம்மாறு செய்ய முடியாது.

நர்ஸ் யார் என்று கேட்டாள். "பெரியம்மா" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. கையைக் கழுவச் சொல்லி உள்ளே விட்டாள்.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நிறையக் குழாய்கள். தலையில் முடி நன்றாக இருந்தது, ஈரமாக ஒட்டிக்கொண்டு. உன் ஜாடையா என் ஜாடையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, முகம் முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். காது மட்டும் அம்மாவுடைய காது. மேல் மடல் உள்பக்கம் மடங்கி, நம் இரண்டு பேருக்கும் இருக்கிற மாதிரியே. அழவில்லை. குழாய் இருந்ததால் அழ முடியாது என்றார்கள். கண்ணைத் திறந்தாள். ஒரே தடவை, பாதி. என்னைத்தான் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன், வெளிச்சத்துக்குத் திறந்திருப்பாள். விக்கல் எடுத்தது. ஓட்டை வழியாகக் கையை விட்டு என் சுண்டுவிரலை அவள் கைக்குள் வைத்தேன். பிடித்துக்கொண்டாள். எல்லாக் குழந்தையும் பிடிக்கும், அது தானாக நடப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிடித்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அறையில் ஒரு மெஷின் டொக் டொக் என்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே தலை வலித்தது. மற்றக் குழந்தைகள் எல்லாம் சிணுங்கிக்கொண்டும் உடம்பை முறுக்கிக்கொண்டும் இருந்தன. இவள் மட்டும் நிம்மதியாக இருந்தாள். நர்ஸ்கூடச் சொன்னாள், "இந்தப் பாப்பாவுக்கு மட்டும் இந்தச் சத்தம் ஒண்ணுமே பண்ணல பாருங்க" என்று. எப்படிப் பண்ணும்? உன் வயிற்றில் இருந்தபடி நாள் முழுக்கப் பஞ்சிங் மெஷினைக் கேட்டு வளர்ந்தவள். தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்திருப்பாள். இது நான் சேர்த்தது. வேண்டாம் என்றால் அடித்துவிடு.

நேரமாயிற்று என்று நர்ஸ் சொன்னாள். விரலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் மாடிக்கு ஏறி வந்து, கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அக்கா

•

ஜூன் 16

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு அவருக்கும் படித்துக் காட்டினேன். மெஷின் சத்தம் வந்த இடத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதார். இந்தக் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். ஒரு வழியாக அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஆமா, விக்கல் எடுத்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். அன்று முழுக்க அவளைப் பற்றியே பேசினோம். நீ சேர்த்ததை அடிக்கவில்லை. அது இருக்கட்டும்.

என்னை ஏன் கேட்கவில்லை என்று உன்னைக் கேட்டேனே, பதில் எனக்குத் தெரியும். அந்த நாளில் ஒவ்வொரு மாதமும் போன் செய்து, "நாள் தள்ளியிருக்கா?" என்று ஆசையாகக் கேட்பாய். ஒரு நாள் நேரில் வந்து கேட்டபோது, கையில் இருந்த தட்டைச் சுவரில் அடித்து, "இனிமே செத்தாலும் அந்தக் கேள்விய என்கிட்ட கேக்காதே" என்று கத்தினேன். நீ உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டே, "சரி, கேக்கல" என்றாய். சொன்ன சொல்லை இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டாய். நான் அவ்வளவு எழுதியும், இதை நீ ஒரு கடிதத்தில்கூட எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. காலையில் எழுந்திருக்கும்போது இருக்கிறது. சாயந்திரத்துக்குள் ஓய்ந்துபோகிறது. மறுநாள் காலையில் திரும்ப வருகிறது.

பிரஷரைக் கேட்டிருந்தாய். இறங்கவில்லை. மாற்றிக் கொடுத்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை. போன வாரம் டாக்டரம்மா, "இனிமே பயம் இல்லம்மா, உங்களுக்குக் கேட்டது அந்தப் பழைய மாத்திரைதான், அதையே போடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். பயம் இல்லையாம். ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை.

அவர் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறார். அதே வெள்ளை மாத்திரை. காலையில் டீக்கு முன்னால் கையில் எடுக்கிறேன். வாய் வரை போகிறது, பிறகு திரும்பி வந்துவிடுகிறது. அவர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். இன்று காலை கண்ணாடியில் பார்க்கிறேன், அம்மாவுக்குச் சிவந்த மாதிரி முகம் சிவந்திருக்கிறது. தலை பின்பக்கம் கனக்கிறது. எனக்கு விழுந்துபோக ஆசை இல்லை அக்கா. ஆனால் அதை விழுங்கவும் முடியவில்லை.

அவர்தான் சொன்னார், "உங்க அக்காவை வரச் சொல்லு" என்று.

வா. உன் கையால் கொடுத்தால் விழுங்கிவிடுவேன் என்று தோன்றுகிறது. உன் மாத்திரையை எடுத்து வராதே, உன் கடைக் கத்தரிக்கோலை மட்டும் எடுத்து வா. அட்டை இங்கே முழுசாக இருக்கிறது. வெட்டி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம்.

பூசணி